நானோட்ராப் 820, கியூபிட் 68: ஒரு பிளாஸ்மிட் மாதிரியில் ஒளிர்சாயங்கள் காட்டியது

இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு எந்தத் தனி ஆய்வகத்தின் பதிவும் அல்ல. கிட் வாங்காமல் கையால் பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு வட்ட டிஎன்ஏ) பிரிக்கும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலை, எண்கள் ஒன்றோடொன்று கணக்கில் பொருந்தும்படி ஒரே மாதிரியாகக் கோத்திருக்கிறோம். செய்முறை அளவுகளும் சாயங்களின் இயல்புகளும் வழக்கத்தில் உள்ளவை.

மாதிரியும் புகாரும்

5,000 கார இணைகள் நீளமுள்ள, செல்லுக்குள் அதிகப் பிரதி எடுக்கும் வகைப் பிளாஸ்மிட். ஈ. கோலை டிஎச்5ஆல்ஃபா செல்களில் ஓர் இரவு வளர்த்து, 1.5 மில்லிலிட்டர் வளர்ப்பிலிருந்து பிர்ன்பாய்ம், டாலி இருவரும் 1979ல் வெளியிட்ட காரச் சிதைவு முறைப்படி பிரிக்கப்பட்டது. முதல் கரைசல் 100 மைக்ரோலிட்டர்: 50 மில்லிமோலார் குளுக்கோஸ், 25 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் ஈடிடிஏ. இரண்டாம் கரைசல் 200 மைக்ரோலிட்டர்: 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 1% எஸ்டிஎஸ், அன்றன்று கலந்தது. மூன்றாவது 150 மைக்ரோலிட்டர் பொட்டாசியம் அசிடேட். பிறகு ஐசோபுரோப்பனாலில் வீழ்படிவு, 70% எத்தனாலில் கழுவல், கடைசியில் 50 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்தல்.

ஒளி உறிஞ்சலை வைத்துச் செறிவு சொல்லும் நானோட்ராப் கருவி காட்டியது மைக்ரோலிட்டருக்கு 820 நானோகிராம். 260, 280 நானோமீட்டர்களில் உள்ள உறிஞ்சல்களின் விகிதம் (260/280) 2.06, 260/230 விகிதம் 2.1. பார்வைக்குச் சுத்தமான, செறிவான மாதிரி. இந்த எண்ணை நம்பி 250 நானோகிராம் கணக்கிட்டு சாங்கர் வரிசையறிதலுக்கு (டிஎன்ஏவின் கார வரிசையை வாசிக்கும் முறை) அனுப்பினால் சமிக்ஞை மிகப் பலவீனம், வாசிப்பு சீக்கிரமே கலைந்துவிட்டது. ஒரு மைக்ரோகிராம் என்று அளந்து ஈகோஆர்1 நொதியால் வெட்டி ஜெல்லில் ஓட்டினால் பட்டை மங்கலாக நிற்கிறது. நொதி சரியில்லை, பிரைமர் சரியில்லை என்று இரண்டு வாரம் ஓடிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

எந்தச் சாயத்தையும் தொடுவதற்கு முன்பே ஒரு பெருக்கல் கணக்கு போட்டிருக்கலாம். 820 நானோகிராம், 50 மைக்ரோலிட்டர். மொத்தம் 41 மைக்ரோகிராம். 1.5 மில்லிலிட்டர் வளர்ப்பில் மில்லிலிட்டருக்கு 300 கோடி செல்கள் என்று வைத்தால் 450 கோடி செல்கள். 5,000 கார இணைப் பிளாஸ்மிட் ஒன்றின் எடை ஏறத்தாழ 5.4 அட்டோகிராம். அப்படியானால் ஒவ்வொரு செல்லிலும் 1,700 பிரதிகள் இருந்திருக்க வேண்டும். பியூசி வகைப் பிளாஸ்மிட்டுகளுக்கே 500 முதல் 700 என்பது தாராளமான மதிப்பு. 41 மைக்ரோகிராம் முழுவதும் பிளாஸ்மிட்டாக இருக்க வழியில்லை. இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் போதும்; ஆனால் நானோட்ராப் திரையில் பெரிய எண் வந்தால் சந்தேகப்படுகிறவர்கள் குறைவு.

260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் எதையும் நானோட்ராப் டிஎன்ஏ என்றே எண்ணும். இரட்டை இழை டிஎன்ஏ, ஒற்றை இழை டிஎன்ஏ, ஆர்என்ஏ, தனி நியூக்ளியோட்டைடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். உறிஞ்சல் 1 என்றால் இரட்டை இழை டிஎன்ஏவுக்கு 50, ஆர்என்ஏவுக்கு 40, ஒற்றை இழை டிஎன்ஏவுக்கு 33 என்ற பெருக்கு எண்ணைத் தேர்ந்தெடுப்பது பயனர், கருவி அல்ல. 2.06 என்ற விகிதமே முதல் தடயம்: தூய டிஎன்ஏ 1.8ஐ ஒட்டி நிற்கும், ஆர்என்ஏ 2.0ஐத் தாண்டும். பலரும் 1.8க்கு மேல் போனால் நல்லது என்று மட்டும் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். ஃபீனால் இருந்தால் 270 அருகே மேடு தெரியும், குவானிடின் உப்பு இருந்தால் 230 விகிதம் சரியும். இங்கே இரண்டும் இல்லை.

கியூபிட் அளவு

கியூபிட், டிஎன்ஏவில் பிணைந்த சாயத்தின் ஒளிர்வை வைத்து அளக்கும் கருவி. இரட்டை இழை டிஎன்ஏவுக்கான அதன் அதிநுண் கிட்டில் சாயத்தைப் பஃபரில் 200 மடங்கு நீர்க்க வேண்டும். இரண்டு ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த ஒப்பீட்டு டிஎன்ஏ), ஆறு மாதிரி என்றால் எட்டு டியூப். பத்துக்குக் கலப்பது நல்லது: 10 மைக்ரோலிட்டர் சாயம், 1,990 மைக்ரோலிட்டர் பஃபர். ஸ்டாண்டர்டு டியூப்களில் 190 மைக்ரோலிட்டர் கலவையும் 10 மைக்ரோலிட்டர் ஸ்டாண்டர்டும். நம் மாதிரியை டிஇ (டிரிஸ், ஈடிடிஏ) பஃபரில் பத்து மடங்கு நீர்த்து, அதில் 5 மைக்ரோலிட்டரை 195 மைக்ரோலிட்டர் கலவையில் சேர்த்து, சுழற்றிக் கலந்து, இரண்டு நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து வாசிக்க வேண்டும். நீர்க்காமல் 1 மைக்ரோலிட்டர் போட்டாலும் வரம்புக்குள்தான் வந்திருக்கும். ஆனால் 1 மைக்ரோலிட்டர் பிப்பெட் செய்வதில் வரும் பிழை, சாயத்தின் பிழையை விடப் பெரியது.

டியூபில் இருந்தது 34 நானோகிராம். கணக்கிட்டால் மூல மாதிரியில் மைக்ரோலிட்டருக்கு 68 நானோகிராம். நானோட்ராப் சொன்னதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

உடனே கியூபிட்தான் சரி என்று முடிவுகட்டுவதும் அவசரம். இந்தக் கருவியும் தவறாகக் காட்டும் வழிகள் உண்டு. முதலில் அவற்றை ஒதுக்க வேண்டும்.

சாயம் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைந்திருக்கிறது, அது 18.5 பாகை செல்சியஸிலேயே உறைந்துவிடும். குளிர்பெட்டியிலோ கடுங்குளிர் ஏசி அறையிலோ இருந்த குப்பியை அரைகுறையாக உருகிய நிலையில் பிப்பெட் செய்தால் சாயத்தின் செறிவு என்ன என்று யாருக்கும் தெரியாது. முழுவதும் உருக வைத்து, கலக்கி, ஒரு முறை ஸ்பின் செய்து பிறகே எடுக்க வேண்டும். ஸ்டாண்டர்டுகள் அதற்கு மாறாகக் குளிரில் இருப்பவை. அவற்றை அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் ஸ்டாண்டர்டில் 10க்குப் பதில் 9 மைக்ரோலிட்டர் விழுந்தால் அன்றைய எல்லா மாதிரிகளும் 11% கூடுதலாகக் காட்டும். எல்லாம் ஒரே விகிதத்தில் கூடுவதால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது. டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் உள்ளே சூடேறி ஒளிர்வு குறையும். சுவரில் பேனாவால் எழுதினால் ஒளி தடைப்படும். எழுத்து மூடியில்தான் இருக்க வேண்டும். சாதாரண 0.5 மில்லிலிட்டர் டியூப் போதாது, மெல்லிய சுவருள்ள தெளிந்த பிசிஆர் டியூப் வேண்டும். குமிழி இருந்தால் எண் துள்ளும். ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப வாசித்தால் உள்ளே வெப்பம் ஏறி எண் சரியும். வெளியே எடுத்து அரை நிமிடம் விட்டு வைக்கலாம்.

இவற்றைவிட அதிகம் நடப்பது வேறு: திரையில் இரண்டு எண்கள் உண்டு, டியூபுக்குள் உள்ள செறிவு ஒன்று, மூல மாதிரியின் செறிவு மற்றொன்று. நம் நிகழ்வில் டியூப் செறிவு மைக்ரோலிட்டருக்கு 0.17 நானோகிராம். அதை மூல மாதிரியின் எண் என்று எடுத்துக்கொண்டு குழம்பியவர்கள் பலர். முன்பே பத்து மடங்கு நீர்த்ததைக் கருவி அறியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும், அது 6.8 என்றுதான் சொல்லும்.

இத்தனையும் சரிபார்த்து, இரண்டாவது நீர்ப்பிலும் 68ஐ ஒட்டியே வந்தால், வேறுபாடு உண்மையானது.

சாயம் எதைப் பிடிக்கிறது

எத்திடியம் புரோமைடு கார இணைகளின் நடுவே நுழைந்து அமர்கிறது. இப்படி நுழையும் பிணைப்பை 1961ல் லெர்மன் முன்வைத்தார். ஒரு மூலக்கூறு நுழையும்போது இணைகள் 3.4 ஆங்ஸ்ட்ராம் விலகி, சுருள் 26 பாகை அவிழும். நீரில் தனியாக இருக்கும் எத்திடியம் கிளர்ந்த நிலையில் புரோட்டானை நீருக்குக் கொடுத்து ஆற்றலை இழந்துவிடுகிறது. இணைகளுக்கு நடுவே போனதும் நீர் எட்டாததால் இருபது மடங்குக்கும் மேலாக ஒளிர்கிறது, 605 நானோமீட்டர் அருகே, செம்மஞ்சளில். இணைகள் அடுக்கியிருக்கும் இடம் கிடைத்தால் போதும், அது டிஎன்ஏவா ஆர்என்ஏவா என்று எத்திடியம் பார்ப்பதில்லை. ஒற்றை இழை ஆர்என்ஏவும் தன்மேல் தானே மடிந்து கொண்டைகளைக் கட்டுவதால் அதுவும் ஒளிரும். லெபெக், பாவ்லெட்டி 1967ல் இதை அளக்கும் முறையாகவே ஆக்கினார்கள். அளவிடுவதற்கு இது சுமாரான சாயம். ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்த பிறகு நல்ல சாயம். ஏனெனில் பிரிக்கும் வேலையை ஜெல் செய்துவிடுகிறது.

கியூபிட் அதிநுண் கிட்டில் இருப்பது பிக்கோகிரீன் போன்ற சமச்சீரற்ற சயனின் குடும்பத்துச் சாயம். இதன் இரண்டு வளையப் பகுதிகளை ஒரு சிறு மெத்தின் பாலம் இணைக்கிறது. தனியாக இருக்கும்போது பாலத்தைச் சுற்றி வளையங்கள் திரும்பித் திரும்பியே ஆற்றல் தீர்ந்துவிடும். இரட்டை இழையில் பிணைந்ததும் சுழற்சி பூட்டப்பட்டு ஒளிர்வு ஆயிரம் மடங்குக்கு மேல் உயரும். 480ல் கிளர்த்தினால் 520ல் பச்சை. ஓரிகானின் யூஜீன் நகரில் இருந்த மாலிக்யூலர் புரோப்ஸ் நிறுவனத்தின் படைப்பு இது; மில்லிலிட்டருக்கு 25 பிக்கோகிராம் வரை அளக்க முடிந்தது அப்போது பெரிய பாய்ச்சல். ஆர்என்ஏவோடு இதற்கு ஈர்ப்பே இல்லை என்பது தவறு. ஈர்ப்பு குறைவு, ஒளிர்வும் குறைவு. சம அளவு ஆர்என்ஏ இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பத்து மடங்கு இருந்தால் கொஞ்சம் கசியும். இந்தக் கசிவு பின்னால் வரும்.

ஹெக்ஸ்ட் 33258, டாபி இரண்டும் நுழைபவை அல்ல. அடினின்-தைமின் மிகுந்த இடங்களில் சிறு பள்ளத்தில் ஒட்டிக்கொள்பவை. ஆர்என்ஏ இரட்டைச் சுருளில் சிறு பள்ளம் அகன்று ஆழமற்றுப் போவதால் அங்கே இவற்றின் ஒளிர்வு மிகக் குறைவு. ஆர்என்ஏ நிறைந்த செல் சிதைவில்கூட 2 மோலார் உப்பில் ஹெக்ஸ்டை வைத்து டிஎன்ஏ அளப்பது பழைய, இன்றும் கெடாத முறை. ஆனால் குவானின்-சைட்டோசின் 70% தாண்டிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் டிஎன்ஏவைக் கன்றின் தைமஸ் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் ஹெக்ஸ்ட் மிகக் குறைத்துச் சொல்லும். ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே வகை அமைப்பில் இருக்க வேண்டும் என்ற விதி இந்தச் சாயத்துக்கு மற்றவற்றைவிடக் கடுமையாகப் பொருந்தும்.

பெயரைப் பார்த்துச் சாயம் வாங்குவதில் ஒரு கண்ணி உண்டு. சைபர் கிரீன் 2 ஆர்என்ஏவுக்கானது என்று விற்கப்படுகிறது. ஆர்என்ஏவோடு அது நன்றாக ஒளிர்கிறது, அவ்வளவுதான். ஆர்என்ஏவை மட்டும் தேர்ந்து பிடிப்பதில்லை. அதில் கறை ஏற்றிய ஜெல்லில் ஒளிர்வதெல்லாம் ஆர்என்ஏ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சைபர் கோல்டு இரண்டையும் மிகக் கூர்மையாகக் காட்டும், பாகுபாடு இல்லாமல்.

முதல் ஜெல் ஏன் ஒன்றும் காட்டவில்லை

ஆர்என்ஏ இவ்வளவு இருந்தால் முதலில் ஓட்டிய எத்திடியம் ஜெல்லிலேயே கீழே புகைமூட்டமாகத் தெரிந்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. அந்த ஜெல்லில் தெரியவில்லை என்பதால்தான் ஆர்என்ஏ மீது சந்தேகமே வரவில்லை.

1% அகரோஸில், மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் எத்திடியம் ஜெல்லுக்குள் மட்டும் கலந்து, ஓட்டும் பஃபரில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். எத்திடியம் நேர்மின்னேற்றம் கொண்டது. டிஎன்ஏ நேர்முனையை நோக்கிக் கீழே போகும்போது, பிணையாத எத்திடியம் எதிர்முனையை நோக்கி மேலே போகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் ஜெல்லின் கீழ்ப்பகுதி சாயமே இல்லாமல் வெளுத்துவிடும். ஆர்என்ஏத் துண்டுகள் போய்ச் சேரும் இடம் அதுதான். போதாததற்கு புரோமோஃபீனால் புளூ 1% ஜெல்லில் ஏறத்தாழ 300 முதல் 500 கார இணை மட்டத்தில் ஓடி, புற ஊதாவில் தன் நிழலால் அந்தப் பகுதியை மறைக்கும். சாய முனை ஜெல்லின் விளிம்பைத் தொடும் வரை ஓட்டினால், சிறிய ஆர்என்ஏ வெளியேயே போயிருக்கும்.

அதே மாதிரியை மறுபடி ஓட்டும்போது மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். ஜெல்லில் சாயம் கலக்காமல் ஓட்டி, ஓட்டிய பிறகு 0.5 மைக்ரோகிராம் எத்திடியத்தில் 30 நிமிடம் ஊறவைத்து, 20 நிமிடம் நீரில் வெளுக்க விட வேண்டும். சாய முனை ஜெல்லின் மூன்றில் இரண்டு பங்கு போனதும் நிறுத்த வேண்டும். ஏற்றும் பஃபரில் புரோமோஃபீனால் புளூவுக்குப் பதில் ஆரஞ்சு ஜி போட வேண்டும். இப்படி ஓட்டியபோது கீழே அகலமான, ஒளி மிகுந்த மூட்டம் வந்தது. அதன் அருகே பிளாஸ்மிட் பட்டை சோகையாக நின்றது.

இந்த ஜெல்லை மூன்றாவது சாட்சியாகவும் வைத்துக்கொள்ளலாம், எண்ணோடு. லாம்டா டிஎன்ஏவை ஹிண்ட்3ஆல் வெட்டிய அடையாள மாதிரியில் 500 நானோகிராம் ஏற்றினால், ஒவ்வொரு பட்டையின் எடையும் அதன் நீளத்துக்கு நேர்விகிதம். மொத்த நீளம் 48,502. அதில் 9,416 நீளப் பட்டை 97 நானோகிராம், 6,557 பட்டை 68, 4,361 பட்டை 45, 2,322 பட்டை 24. அடையாள மாதிரியை ஏற்றுமுன் 65 பாகையில் 5 நிமிடம் சூடேற்றி உடனே குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் லாம்டாவின் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டு 23,130 துண்டும் 4,361 துண்டும் சேர்ந்து ஓடும், 4,361 பட்டை மெலிந்து கணக்கைக் கெடுக்கும்.

நானோட்ராப் எண்ணின்படி ஒரு மைக்ரோகிராம், அதாவது 1.22 மைக்ரோலிட்டர், ஈகோஆர்1ஆல் வெட்டி ஏற்றினால் வந்த 5,000 பட்டை, 6,557 பட்டையை விட ஒரு சொட்டு பிரகாசம். 70 நானோகிராமைச் சுற்றி. கியூபிட்டின் 68ஐ 1.22ஆல் பெருக்கினால் 83. ஜெல் பட்டையைக் கண்ணால் அளப்பதில் இந்தப் பொருத்தம் போதும்.

வெட்டிய மாதிரியைத்தான் ஏற்ற வேண்டும், வெட்டாததை அல்ல. மூடிய வட்டப் பிளாஸ்மிட்டுக்குள் எத்திடியம் நுழைய நுழைய முறுக்கு எதிர்த்திசையில் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் சாயத்தை ஏற்க மறுக்கும். நேரியல் டிஎன்ஏவுக்கு அந்தத் தடை இல்லை. எடை ஒன்றாக இருந்தாலும் முறுக்கிய பிளாஸ்மிட் மங்கலாகத் தெரியும். ரேட்லாஃப், பாவர், வினோகிராட் 1967ல் சீசியம் குளோரைடு சரிவில் இரண்டு வடிவங்களையும் பிரித்தது இதே வேறுபாட்டை வைத்துத்தான். பட்டையின் இடமும் எத்திடியத்தின் அளவைப் பொறுத்து நகரும்; முறுக்கிய வடிவத்தை நேரியல் அளவுகோலில் வைத்து நீளம் சொல்வது பயனில்லாத வேலை.

ஆர்என்ஏதானா, உருக்குலைந்த டிஎன்ஏவா

நானோட்ராப் அதிகம், இரட்டை இழைச் சாயம் குறைவு என்றால் ஆர்என்ஏ மட்டுமே காரணம் என்று எண்ணக் கூடாது. டிஎன்ஏ ஒற்றை இழையாகப் பிரிந்திருந்தாலும் இதே எண்கள் வரும். 95 பாகையில் சூடேற்றிய மாதிரி, உப்பே இல்லாத நீரில் வெகுவாக நீர்த்துச் சூடாக்கியது, இவற்றில் இரட்டை இழைச் சாயம் படுத்துவிடும். காரச் சிதைவு முறைக்கே உரிய இன்னொரு ஆபத்து, இரண்டாம் கரைசலில் 5 நிமிடத்துக்கு மேல் விட்டுவிடுவது. அப்போது பிளாஸ்மிட் மீளமுடியாமல் குலைந்து, சுருண்ட வடிவத்தில் உறைந்துவிடும். ஜெல்லில் முறுக்கிய வடிவத்துக்கும் முன்னால் ஓடும். எத்திடியம் குறைவாகவே ஏற்கும். வெட்டு நொதி அதைத் தொடாது.

இந்த மாதிரியில் ஈகோஆர்1 முழுவதும் வெட்டி ஒரே பட்டையாக்கியது, மிச்சம் எதுவும் முன்னால் ஓடவில்லை. குலைந்த பிளாஸ்மிட் என்ற ஐயம் அங்கேயே தீர்ந்தது.

ஆர்என்ஏவை நேரே அளக்க கியூபிட்டின் ஆர்என்ஏ அதிநுண் கிட் இருக்கிறது. அதன் சாயம் 644ல் கிளர்ந்து 673ல் ஒளிரும் சிவப்புச் சாயம். மாதிரியை 100 மடங்கு நீர்த்து 5 மைக்ரோலிட்டர் போட்டதில் டியூபில் 27 நானோகிராம். மூலத்தில் மைக்ரோலிட்டருக்கு 540 நானோகிராம் ஆர்என்ஏ. காரத்தில் நறுங்கிய குட்டித் துண்டுகளை இந்தச் சாயமும் முழுதாகப் பிடிக்காது. எனவே உண்மை அளவு 540ஐ விடச் சற்றுக் கூடவே இருக்கும்.

ஆர்என்ஏஸ் போட்ட பிறகும் நானோட்ராப் எண் ஏன் ஏறுகிறது

50 மைக்ரோலிட்டர் மாதிரியில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவுள்ள ஆர்என்ஏஸ் ஏ (ஆர்என்ஏவை வெட்டும் நொதி) கரைசல் 1 மைக்ரோலிட்டர் சேர்த்து, 37 பாகையில் 30 நிமிடம். ஆர்என்ஏஸோடு டிஎன்ஏவைத் தின்னும் நொதி கலந்திருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 10 மில்லிமோலார் சோடியம் அசிடேட்டில், பிஎச் 5.2ல், 100 பாகையில் 15 நிமிடம் கொதிக்கவைத்து மெல்ல ஆறவிட்டு, டிரிஸ் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்என்ஏஸ் ஏ அந்தக் கொதியைத் தாங்கும்; கலந்திருந்த டிஎன்ஏ நொதி தாங்காது.

பிறகு மூன்று அளவுகள். ஆர்என்ஏ சாயம்: வரம்புக்குக் கீழே. இரட்டை இழைச் சாயம்: 61. நானோட்ராப்: 930.

கடைசி எண்ணைப் பார்த்து ஆர்என்ஏஸ் வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி நொதியைச் சேர்ப்பவர்கள் உண்டு. நொதி வேலை செய்ததால்தான் எண் ஏறியது. மடிந்து அடுக்கியிருந்த காரங்கள் தனித்தனியானதும் ஒவ்வொன்றும் முன்னைவிட அதிகமாக ஒளியை உறிஞ்சும். துண்டுகள் எங்கும் போகவில்லை, அதே டியூபில்தான் மிதக்கின்றன. பெரிய ஆர்என்ஏவையும் அதன் துண்டுகளையும் சாயம் வேறுபடுத்தும், உறிஞ்சல் வேறுபடுத்தாது.

68 எப்படி 61 ஆனது என்பதும் இங்கே விளங்குகிறது. பத்து மடங்கு ஆர்என்ஏ இருந்தபோது இரட்டை இழைச் சாயம் அதன் மடிப்புகளிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்தக் கசிவு 7 நானோகிராம் அளவுக்கு வந்தது. முதல் கியூபிட் எண்ணும் முற்றிலும் சரியில்லை. 61ஐ வைத்துக் கணக்கைத் திருப்பிப் போடலாம். 820 என்றால் உறிஞ்சல் 16.4. 61 நானோகிராம் டிஎன்ஏவின் பங்கு 1.22. மீதி 15.18ஐ 40ஆல் பெருக்கினால் 607 நானோகிராம் ஆர்என்ஏ. சிவப்புச் சாயம் சொன்ன 540 இதோடு ஒத்துப்போகிறது. பிளாஸ்மிட் ஒரு பங்கு, ஆர்என்ஏ பத்துப் பங்கு. செல்லுக்கு ஏறத்தாழ 125 பிரதிகள், இது நம்பக்கூடிய எண். வரிசையறிதலுக்குப் போன 250 நானோகிராமில் பிளாஸ்மிட் வெறும் 19 நானோகிராம்.

காரணம் செய்முறைத் தாளிலேயே இருந்தது. கிட்டுகளின் முதல் கரைசலில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆர்என்ஏஸ் சேர்ந்தே வரும், அல்லது பாட்டில் திறந்ததும் சேர்க்கச் சொல்லியிருக்கும். பழைய முறையின் குளுக்கோஸ் கரைசலில் அது கிடையாது. கடைசியில் கரைக்கும் டிஇ பஃபரில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஆர்என்ஏஸ் சேர்ப்பதே அந்த முறையின் வழி. இங்கே டிஇக்குப் பதில் வெறும் நீரில் கரைத்ததால் ஆர்என்ஏஸ் எந்த இடத்திலும் நுழையவே இல்லை. ஈ. கோலையின் உலர் எடையில் ஆர்என்ஏ ஐந்தில் ஒரு பங்கு, டிஎன்ஏ 3% மட்டும். ஐசோபுரோப்பனால் இரண்டையும் சேர்த்தே இறக்கும்.

சுத்திகரிப்பு

துண்டுகளை அகற்ற வடிகுழல் (column) கிட் போதும். கையால் செய்வதானால் 13% பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) 8000, 1.6 மோலார் சோடியம் குளோரைடு கலந்த கரைசலைச் சம அளவு சேர்த்து, பனிக்கட்டியில் 30 நிமிடம் வைத்து, 4 பாகையில் அதிவேகத்தில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்ய வேண்டும். பிளாஸ்மிட் இறங்கும், குறுந்துண்டுகள் மேல்நீரில் நிற்கும். 3 மைக்ரோகிராம் வண்டல் கண்ணுக்குத் தெரியாது. டியூபின் கீல் வெளிப்பக்கம் இருக்கும்படி எல்லா டியூபையும் ஒரே திசையில் வைத்தால் வண்டல் எந்தச் சுவரில் என்று தெரியும், எதிர்ச்சுவர் வழியே உறிஞ்சலாம். 70% எத்தனாலில் கழுவுவதைத் தவிர்த்தால் மிச்சமிருக்கும் பெக் பின்னால் நொதிகளுக்குத் தொல்லை. ஈரம் போகும் அளவுக்கு மட்டும் உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் டிஇயில், பிஎச் 8.0ல் கரைக்கலாம்.

கழுவிய மாதிரி: கியூபிட் 55, நானோட்ராப் 58, 260/280 விகிதம் 1.86. இரண்டு கருவிகளும் ஒத்துப்போயின. 250 நானோகிராமுக்கு 4.5 மைக்ரோலிட்டர் எடுத்து வரிசையறிதலுக்கு அனுப்பலாம்.

மிச்சமிருக்கும் 3 நானோகிராம் வேறுபாட்டைத் துரத்த வேண்டாம். முறுக்கிய பிளாஸ்மிட்டுக்கும் நேரியல் ஸ்டாண்டர்டுக்கும் சாயம் சற்றே வேறு மாதிரி பதிலளிக்கும். மிகத் துல்லியம் தேவைப்படும் வேலைக்கு, எடுத்துக்காட்டாக நிகழ்நேரப் பிசிஆருக்குப் பிரதி எண்ணிக்கை ஸ்டாண்டர்டு செய்யும்போது, ஒரு பங்கை நொதியால் வெட்டி நேரியலாக்கி அதை அளந்துகொள்ளலாம்.

எத்திடியத்துக்கு மாற்றாக ஜெல்ரெட் வைத்திருக்கும் ஆய்வகங்கள் இதே சோதனையைச் செய்யும்போது ஒரு மாற்றம் தேவை. ஜெல்ரெட் இரண்டு எத்திடியம் அலகுகளைச் சங்கிலியால் கோத்த பெரிய மூலக்கூறு; செல்லுக்குள் நுழைய முடியாத அந்தப் பருமன்தான் அதன் பாதுகாப்புக் கூற்றின் அடிப்படை. ஆனால் ஜெல்லுக்குள் முன்பே கலந்து ஓட்டினால் டிஎன்ஏவோடு இறுகப் பிணைந்து அதன் ஓட்டத்தை இழுக்கும். பட்டை கீழ்நோக்கி இழுபட்டுப் புகையாகும். ஆர்என்ஏ மூட்டத்தைத் தேடும் ஜெல்லில் இந்தப் புகை வந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. வழிக்கு 50 முதல் 200 நானோகிராமுக்கு மேல் ஏற்றாமல், 10,000 மடங்குச் செறிவுள்ள சாயத்தில் 15 மைக்ரோலிட்டரை 0.1 மோலார் உப்பு கலந்த 50 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஓட்டி முடித்த ஜெல்லை அதில் 30 நிமிடம் ஊறவைத்தால் பட்டைகள் நேராக நிற்கும். அந்தக் கரைசலை இரண்டு மூன்று முறை திரும்பவும் பயன்படுத்தலாம். ஒளி படாமல் மூடி, அறை வெப்பத்திலேயே வைத்தால் போதும்.